உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும்: எடுக்கலாமா, வேண்டாமா?

நெல்லியடித் தகப்பன்:
மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அடுத்த இரண்டு வருட உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு. தமிழ், புவியியல் இரண்டிலும் சண்டை இல்லை. மூன்றாவதாக நாடகமும் அரங்கியலும் எடுக்கப் போகிறாளாம். அரசறிவியல் எடு என்று நான் சொல்ல, மூன்று நாளாக வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
அரசறிவியலே எடுக்கட்டும் அண்ணை. நாடகம் லேசு, ஏ வரும் என்று நினைத்து எடுக்கிற பிள்ளைகள்தான் அதிகம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி எப்படி வருகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்தும் நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதை, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதால் வகுப்பதுதான் கணக்கு. சராசரியே 75ஆக இருக்கிற இடத்தில் 76 எடுத்து என்ன பலன்? சரி, கம்பஸும் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். 2017இல் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) முன்னால் வேலை கேட்டு மாதக்கணக்கில் இருந்த பட்டதாரிகளை மறந்துவிட்டோமா?

மட்டுநகர் ரீச்சர்:
தம்பி, அங்கே இருந்தவர்களில் அரசறிவியல் படித்தவர்களும் இருந்தார்கள். வேலை இல்லாததற்கு நாடகத்தைப் பிடித்து ஏன் அடிக்கிறீர்கள்? இசட் புள்ளிக் கணக்கும் எல்லாப் பாடத்துக்கும் ஒன்றுதான்.

பதினாறு வருடமாக இதைப் படிப்பிக்கிறேன். கிரேக்க அரங்கிலிருந்து ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் வரைக்கும் ஒரு பிள்ளை படித்தால் அது லேசா? 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே'யைச் செய்தபோது எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற சிங்கள வடிவத்தின் வேர் நம்முடைய கூத்தில் இருக்கிறது. விடிய விடிய ஆடுகிற அதே கூத்தை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போது மாணவனாக ஆடிய மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். இதெல்லாம் அரசியலும் வரலாறும் இல்லாமல் வேறென்ன?

கணக்கன்:
ரீச்சர், ஒரு உண்மையைச் சொல்கிறேன். நானும் இந்தப் பாடம் எடுத்தவன்தான். இரண்டு வருடமும் சொல்லச் சொல்ல எழுதினோம். வட்டக்களரிக்கு, அதுதான் கூத்து ஆடுகிற வட்டமான களத்துக்கு, வரைவிலக்கணம் கேட்டால் இப்போதும் மூச்சு விடாமல் சொல்வேன், ஆனால் ஒரு வட்டக்களரியைக் கண்ணால் கண்டதில்லை. வடமோடிக் கூத்தில் அரசன் போடுகிற கரப்புடுப்பு என்ற உடையைக் கீறச் சொன்னார்கள், நான் கீறியது மடக்காத குடை மாதிரி இருந்தது. மத்தளத்தில் இன்றுவரை கை வைத்ததில்லை. ஏ எடுத்தேன். என்னுடைய கோபம் அந்த ஏயில்தான். நாடகம் கூடாது என்று சொல்லவில்லை, நம் பள்ளிக்கூடங்களில் நடப்பது நாடகம் இல்லை என்கிறேன்.

சும்மா ஒருத்தன்:
நடுவில் ஒரு கேள்வி. ஒத்திகை என்று பொம்பிளைப் பிள்ளை இரவாகி வந்தால் யார் கூட்டிவருவது?

மட்டுநகர் ரீச்சர்:
ரியூசன் விட்டு ஏழரைக்கு வரும்போது யார் கூட்டிவருகிறார்களோ, அவர்களேதான்.

கணக்கன் தம்பி சொன்னதை மறுக்க மாட்டேன். நானும் முதல் ஐந்தாறு வருடம் குறிப்புக் கொடுத்தவள்தான். பிறகு ஒரு தடவை பிள்ளைகளை மட்டக்களப்புப் படுவான்கரையில் கூத்துப் பழகுகிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே குனிந்துகொள்கிற ஒருத்தி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கரையோரமாக நின்று வாயால் தாளம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, "தாளத்தைக் காலால வாங்கு பிள்ளை, வாயால வாங்காத" என்றார். அரை மணித்தியாலம் விடவில்லை. அவளுக்குக் கால் மண்ணில் தேய்ந்து சிவந்துவிட்டது.

அடுத்த கிழமை வகுப்பில் வட்டக்களரி பற்றிக் கேட்டேன். "நாலு பக்கமும் ஆள் இருக்கிறதால யாருக்காவது முதுகு காட்டித்தான் ஆக வேணும். ஒரே ஆளுக்கே முதுகு காட்டக்கூடாது என்றுதான் சுத்திச் சுத்தி ஆடுகினம்" என்று எழுதியிருந்தாள். இந்த வரி என் குறிப்பில் இல்லை, எந்த வழிகாட்டி நூலிலும் நான் பார்த்ததில்லை. முழுப்புள்ளி போட்டேன்.

கணக்கன்:
நல்லது ரீச்சர். பரீட்சையில் விடைத்தாள் திருத்துகிறவர் போடுவாரா?

மட்டுநகர் ரீச்சர்:
போடமாட்டார் என்ற பயத்தில் வரைவிலக்கணத்தையும் சேர்த்தே பாடமாக்க வைத்தேன். அந்த இடத்தில் நீங்கள் வென்றீர்கள்.

கணக்கன்:
அப்படியென்றால் அண்ணை, பாடத்தை விடுங்கள். யார் படிப்பிக்கிறார் என்று பாருங்கள். குறிப்புச் சொல்லுகிற ஆள் என்றால் அரசறிவியலே போதும், அதற்கும் குறிப்புத்தான்.

நெல்லியடித் தகப்பன்:
விசாரித்தேன். மகளுடைய பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்துக்கு இருந்தவர் இடமாற்றத்தில் போய்விட்டாராம். புது ஆள் இல்லை. அவர் போன பள்ளிக்கூடம் இங்கிருந்து ஏழு கிலோமீற்றர். பிள்ளைகளை முற்றத்தில் இறக்கி ஆடவிடுகிற மனுசன் என்று அயலில் சொல்கிறார்கள். மாறிச் சேர்வதற்கு விண்ணப்பம் வாங்கியாயிற்று. சைக்கிளில் போவேன் என்று மகள் நிற்கிறாள். பின் ரயர் தேய்ந்துபோய்க் கிடக்கிறது, நாளைக்கு அதை மாற்ற வேண்டும்.