நீலகிரிக் கொய்னா: உரித்த மரத்தில் பாசி கட்டியது ஏன்?

கேள்வி:
மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா (குவினைன்) மருந்தைத் தரும் சின்கோனா மரம் 1860களில் நீலகிரியில் பயிரானபோது, பட்டை உரித்த இடத்தில் பாசி வைத்துக் கட்டினார்களாம். எதற்கு? இன்னொன்று: பட்டைக் கஷாயம் ஆறியதும் கலங்கிவிடுகிறதே, தெளிவை மட்டும் வடித்தால் பலன் குறையுமா?

பதில் 1:
பாசி கட்டும் முறை ஊட்டி அரசுத் தோட்டத்தைக் கவனித்த மக்ஐவர் கண்டது. சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். அதனால் ஒன்றரை அங்குல அகலத்தில், மேலிருந்து கீழாக, ஒன்று விட்டு ஒன்றாகக் கீற்று கிழிப்பார்கள். மேலே ஈரப்பாசி பொதிந்து நாரால் கட்டிவிட்டால் வெயில் படாமல் புதுப்பட்டை மூடும். அதில் கொய்னாச் சத்து பழைய பட்டையைவிடக் கூடுதல். விட்டுவைத்த கீற்றுகளை அடுத்த முறை எடுக்கலாம்.

கெடுவது ஓரிடத்தில்தான். பட்டைக்கு அடியில் வழவழவென்று ஓர் ஈரப்படலம் இருக்கும். கத்தி அதைச் சுரண்டினால் அங்கே பட்டை திரும்ப வராது.

பதில் 2:
தெளிவை வடிக்காதீர்கள் என்றுதான் அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள், மருந்து அந்தக் கலங்கலில்தான். பட்டையின் ஆல்கலாய்டுகள், அதாவது குவினைன் போன்ற கசப்பு மருந்துச் சத்துகள், துவர்ப்புச் சத்தோடு பிணைந்தவை. கொதியில் கரையும், ஆறினால் அடியில் தங்கும். அமிலம் சேர்த்து ஊறவைத்தது அதற்காகவே.

கொய்னாத் தூளும் அப்படித்தான். 1 கிராம் குவினைன் சல்பேட் கரைய ஏறக்குறைய 800 மில்லி தண்ணீர் வேண்டும். நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டால் கொஞ்சத் தண்ணீரிலேயே தெளிந்துவிடும். வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மின்னும்.

தொழிற்சாலையில் பட்டைத் தூளோடு நீற்றிய சுண்ணாம்பைப் பிசைவார்கள். சுண்ணாம்பு பிணைப்பை விடுவிக்கும், பிறகு சேர்க்கும் எண்ணெய் அந்தச் சத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அந்த எண்ணெயை நீர்த்த கந்தக அமிலத்தோடு கலக்கினால் சத்து அமிலத்துக்கு இறங்கும். அமிலத்தைச் சோடாவால் ஏறக்குறைய சமன்செய்து ஆறவிட்டால் பஞ்சுபோல ஊசிப் படிகம் கட்டும்.

பதில் 3:
எந்த வகைப் பட்டை என்பதையும் பாருங்கள். நீலகிரியில் நிறைய நட்ட செம்பட்டை வகையில் குவினைன் குறைவு, அதன் இன்னொரு உறவுச் சத்தான சின்கோனிடின் அதிகம். 1866இல் மதராஸ் அரசு அமைத்த குழு குவினைன், குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் நான்கையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நான்கும் கேட்கின்றன என்றது. பிறகுதான் மலிவான கலவைத் தூளுக்கு மதிப்பு வந்தது.

தயவுசெய்து வீட்டில் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். மரத்துக்கு மரம் சத்து மாறும், அளவு பிடிபடாது. மிஞ்சினால் முதலில் காது இரையும், பார்வை மங்கும். அதற்குமேல் இதயத் துடிப்பு தவறும், ரத்தச் சர்க்கரை இறங்கும்.