பழைய வயரிங்கில் புதிய பிளக் பாயிண்ட்: எங்கள் அனுபவங்கள்

எழுபதுகளில் கட்டப்பட்ட எங்கள் வீட்டில் படுக்கையறைக்கு ஒரு பிளக் பாயிண்டும், சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இன்னொன்றும் தேவைப்பட்டன. வந்த எலக்ட்ரீஷியன் சுவரைத் தொடுவதற்கு முன், “இவற்றில் எதைச் செருகப் போகிறீர்கள், அம்மா?” என்று கேட்டார். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறை போர்டுக்கு வந்திருப்பதோ விளக்குக்கும் விசிறிக்கும் போடப்பட்ட 1.5 சதுர மி.மீ. கம்பி, அதிலேயே மிக்ஸியும் ஓடுகிறது. ஆகவே அடுப்புக்கு மெயின் பெட்டியிலிருந்தே 4 சதுர மி.மீ. கம்பியில் தனி லைன் இழுத்து, தனி எம்சிபியும் (அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) 16 ஆம்பியர் சாக்கெட்டும் பொருத்தினார்.

படுக்கையறையில் கைப்பேசி சார்ஜரும் மேசை விளக்கும் மட்டுமே என்பதால், அங்கிருந்த போர்டிலிருந்து லூப் எடுக்க, அதாவது அதன் கம்பிகளிலிருந்தே புதிய பாயிண்டுக்கு இணைப்பு நீட்ட, தடையில்லை. ஆனால் போர்டைக் கழற்றியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. பழைய சாக்கெட்டுக்கு எர்த் கம்பி வரவே இல்லை. யாரோ நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் முனையில் முறுக்கியிருந்தார்கள். டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் அது நன்றாகவே எரியும் என்பதால், வெளியிலிருந்து சோதிப்பவருக்கு எந்த ஐயமும் எழாது. ஆனால் போர்டுக்கு வரும் நியூட்ரல் எங்கேனும் அறுந்துவிட்டால், அதில் செருகிய இஸ்திரிப் பெட்டியின் உலோக உடம்புக்கே 230 வோல்ட் வந்து சேரும். குழந்தைகள் உள்ள வீட்டில் இத்தனை ஆண்டுகளாக இது இப்படியே இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்னமும் பதறுகிறது. மெயின் பெட்டியிலிருந்து பச்சை எர்த் கம்பியைக் கொண்டுவந்த பின்னரே புதிய சாக்கெட்டைப் பொருத்தச் சொன்னோம். பழைய போர்டிலிருந்து லூப் எடுக்கும் ஒவ்வொருவரும் பிளேட்டைக் கழற்றி எர்த் முனையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

சகோதரி எழுதியதை வயரிங் தொழில் செய்பவன் என்ற முறையில் வழிமொழிகிறேன். நான் அடிக்கடி காண்பது வேறொன்று. புதிய பாயிண்டில் ஹீட்டரைப் போட்டதும் எம்சிபி விழுகிறது. உடனே 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் வைக்கச் சொல்கிறார்கள். எம்சிபி காப்பது கம்பியை. கம்பியை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்கினால், சுவருக்குள் பைப்பில் செல்லும் கம்பி சூடேறி இன்சுலேஷன் உருகும் வரை அது விழாது. அந்த வேலையை நான் ஏற்பதில்லை.

*

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கூடத்துப் போர்டில் டெஸ்டர் எரிந்தது. இன்வெர்ட்டர் லைனுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிறகு அதையும் அணைத்தே வேலை தொடங்கியது. புதிய பாயிண்டுக்கு ஃபேஸை ஒரு லைனிலிருந்தும் நியூட்ரலை இன்வெர்ட்டர் லைனிலிருந்தும் எடுக்க முயன்றதை எலக்ட்ரீஷியனின் மேற்பார்வையாளர் தடுத்தார். அப்படி எடுத்தால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இராமல், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), பிளக்கைச் செருகும் போதெல்லாம் விழும் என்றார். இரண்டையும் ஒரே லைனிலிருந்து எடுத்த பிறகு இதுவரை ஒருமுறையும் விழவில்லை.