முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பெட்டியைத் திறந்தேன்: மாதிரிப் புகையிரதத்தை எங்கிருந்து மீண்டும் தொடங்குவது?

மாங்குளத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நான் மாங்குளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 1982 இல், எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, லண்டனிலிருந்து விடுமுறையில் வந்த மாமா ஹோர்ன்பி நிறுவனத்தின் இன்டர்சிற்றி 125 மாதிரிப் புகையிரதத் தொகுதியொன்றைக் கொண்டுவந்து தந்தார். அடுத்த எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டு விறாந்தையின் பாதி அந்தத் தண்டவாளத்துக்கே சொந்தமாக இருந்தது. 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே உண்மைப் புகையிரதமும் நின்றது, என்னுடையதும் நின்றது. இடப்பெயர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பிலிருந்த சித்தியின் மகன் விளையாடக் கேட்டு வாங்கிச் சென்றிருந்ததனால் மட்டுமே அந்தப் பெட்டி தப்பியது. இந்த ஆண்டு வீட்டை விற்பதற்காக ஒதுக்கியபோது சித்தி அதை எனக்கு அனுப்பிவைத்தார்.

திறந்து பார்த்தேன். எஞ்சினின் பற்சக்கரங்களுக்கிடையே இருந்த மசகு வேப்பம்பிசின் போலப் பொன்னிறமாக இறுகிக் கிடக்கிறது. சக்கரத்தைச் சுற்றியிருந்த இறப்பர் வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. மின்மாற்றியின் வயர் உறை வெடித்திருப்பதால் அதைச் செருகிப் பார்க்கத் துணியவில்லை.

என்னிடம் பத்து அடிக்கு எட்டு அடி அறையொன்று இருக்கிறது. எண்பதுகளின் மாங்குளம் நிலையத்தை, கைகாட்டி மரமும், ஒற்றைப் பாதையில் வண்டி செல்ல அனுமதியான டப்லட் வில்லையை வளையத்தில் கைமாற்றும் நிலைய அதிபரும், வெளியே முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனமுமாகக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. இந்தப் பழைய எஞ்சினைத் திருத்தலாமா, அல்லது இப்போது எல்லோரும் பேசும் டிஜிட்டல் முறைக்கு நேரே போய்விடலாமா? எந்த அளவுத்திட்டத்தைத் தெரிவுசெய்வது? சோளகக் காற்றுக் காலத்துப் புழுதிக்குள் இதெல்லாம் ஓடுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வவுனியா றேடியோக்காரன்:

மாஸ்ரர், முதலில் எதையும் வாங்காதீர்கள். நாற்பது ஆண்டுகளாக வானொலிப்பெட்டி திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் எஞ்சின் சாகவில்லை, பிடித்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மின்மாற்றியை ஒதுக்கிவையுங்கள். உறை வெடித்த வயரில் 230 வோல்ற்று பாய விடுவது விளையாட்டல்ல. பரிசோதிப்பதற்கு 9 வோல்ற்றுச் சதுர பற்றரி ஒன்று போதும். எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்து, இரு வயர்களையும் இரு பக்கத்துச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். மோட்டார் உறுமினாலும் சரி, சும்மா சூடாகினாலும் சரி, சுருள் அறுந்துபோகவில்லை என்று பொருள். சுற்றாமல் சூடானால் உடனே வயரை எடுத்துவிட வேண்டும்.

பின்னர் மேல்மூடியைக் கழற்றி, பார்மசியில் விற்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலை மெல்லிய தூரிகையில் தொட்டு, இறுகிய மசகைப் பல்லுப் பல்லாக எடுங்கள். மோட்டாரின் நடுவிலுள்ள செப்புத் தட்டுகளுக்கிடையே இருக்கும் பிளவுகளில் கரித்தூள் அடைந்திருக்கும். பல்லுக்குச்சியால் அதைச் சுரண்டிவிடுங்கள். அந்தத் தட்டுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள் தேய்ந்திருந்தால் புதியவை கிடைக்கும். இறப்பர் வளையங்களும் கிடைக்கும். எண்ணெயை ஊசிமுனையில் ஒரு துளி எடுத்து அச்சு சுழலும் இடத்தில் மட்டும் வையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள், ஆறு மாதத்தில் மீண்டும் பிசின்தான்.

தண்டவாளத்தில் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு, நம் வாடைக்காலத்து ஈரத்தில் துருப்பிடித்தே தீரும். ஒட்டாவிட்டால் நிக்கல் வெள்ளி. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் நாகமும். அதையும் அரத்தாளால் தேய்க்க வேண்டாம். கீறல்களுக்குள் அழுக்கு தங்கி, நாளுக்கு நாள் மோசமாகும். துணியில் அற்ககோல் தொட்டுத் துடைப்பதே போதும்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோமே, அதே டைனமோவுடன் நான்கு டயோட்டுகளைச் சேர்த்திருந்தால் உங்கள் எஞ்சினும் மெதுவாக ஓடியிருக்கும். பெட்டி கொழும்பில் இருந்தது அதன் நல்லூழோ தெரியாது!

ரொறன்ரோத் தண்டவாளம்:

அண்ணா, நானும் இருபது ஆண்டுகள் விட்டிருந்து திரும்பியவன்தான். திருத்தும் வேலை பற்றி வவுனியா அண்ணா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அளவுத்திட்டம் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இதை யோசிக்காமல் தொடங்கிப் பாதி வழியில் மனம் நொந்து விடுகிறார்கள்.

உங்கள் ஹோர்ன்பி தொகுதி ஓஓ அளவு. அதில் ஓர் அடி 4 மில்லிமீற்றராகிறது, அதாவது உண்மையில் 76 இல் ஒரு பங்கு. ஆனால் அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டுப் பாதை ஐந்தரை அடி அகலமானது. ஓஓ அளவில் அதைச் சரியாகச் செய்தால் 22 மில்லிமீற்றர் வர வேண்டும். அகலப் பாதை எஞ்சினை 16.5 இல் நிறுத்தினால், பெரிய மனிதர் சின்னப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். இங்கிலாந்து வண்டியே ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் சிறியது, மாங்குளம் கட்டுபவரின் கண்ணை அது உறுத்தாமல் விடாது.

நீங்கள் கணித ஆசிரியர், ஆகவே இதைக் கணக்காகவே தருகிறேன். 16.5 ஐ ஐந்தரையால் வகுத்துப் பாருங்கள். விடை சரியாக 3. ஆக, ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்ற அளவில் எஞ்சினையும் பெட்டிகளையும் கட்டிடங்களையும் செய்தால், உங்கள் கையில் இருக்கும் அதே சாதாரணத் தண்டவாளம் இலங்கை அகலப் பாதையாக ஒரு மயிரிழையும் பிசகாமல் மாறிவிடும்! இது நான் கண்டுபிடித்த அளவும் அல்ல. 1957 இலேயே இங்கிலாந்தின் டிரையாங் நிறுவனம் 3 மில்லிமீற்றர் அளவில் வண்டிகளை விற்கத் தொடங்கியது, ஆனால் அவை 12 மில்லிமீற்றர்ப் பாதையில் ஓடின. 150 மீற்றர் நடைமேடை ஓஓ அளவில் இரண்டு மீற்றரை விழுங்கும்; இதில் ஒன்றரை மீற்றருக்குள் அடங்கும். உங்கள் அறைக்கு அதுவும் ஆதாயம்.

விலை என்னவென்றால், எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் எஞ்சின்களை, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று மாகாணப் பெயர் தாங்கி யாழ்தேவியை இழுத்தவற்றை, நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. அவை கட்டப்பட்ட மாகாணத்திலேயே குடியிருந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பது வேறு விடயம்.

டிஜிட்டல் முறைக்கு இப்போது அவசரமில்லை. அதில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் உள்ள சிறு மின்னணுச் சில்லு தனக்குரிய கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை இயக்கும். ஒரே பாதையில் மூன்று நான்கு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டுபவருக்கு அது வரம். டப்லட் முறையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி போகும் ஒற்றைப் பாதைக்கு அது தேவையில்லை. உங்கள் பழைய மோட்டாரில் ஒரு கரித்துண்டு நேரே உலோகச் சட்டத்துடன் தொடர்புபட்டிருக்கும். அதைப் பிரித்துக் காப்பிடாமல் சில்லைப் பொருத்தினால் சில்லு கருகிவிடும்.

கிளிநொச்சி இளையவன்:

ஐயா, நான் இதில் நான்கு ஆண்டுகள் மட்டுமே பழகியவன், ஆனால் வன்னிப் புழுதியில் பழகியவன். ரொறன்ரோ அண்ணாவின் கணக்கு அழகானது என்றாலும், பத்துக்கு எட்டு அறையில் வளைவுகளையும் நிலையத்தையும் ஒன்றாக அடக்க 9 மில்லிமீற்றர்ப் பாதையுள்ள என் அளவே பொருந்தும் என்று முதலில் எழுத நினைத்தேன். பின்னர் என் சொந்த அனுபவத்தை நினைத்து அழித்துவிட்டேன். அவ்வளவு சிறிய சக்கரங்களுக்கு ஒரு மெல்லிய புழுதிப் படலமே போதும், வண்டி நின்றுவிடும். ஆடி மாதத்தில் நான் ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரமே அதிகம்.

நான் செய்த பெரிய தவறு சல்லிக்கல் விடயத்தில். தண்டவாளத்துக்குக் கீழே கொட்டுவதற்கு முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்தேன், பார்ப்பதற்கு நிறம் நன்றாக இருந்தது. புல்மோட்டை, கொக்கிளாய்ப் பக்கத்துக் கருமணலில் காந்தத்துக்கு இழுபடும் கனிமங்கள் இருப்பதை நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் எஞ்சின் கறகற என்று சத்தமிட்டது. திறந்தபோது மோட்டாரின் காந்தத்தில் மீசை முளைத்ததுபோலக் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. இப்போது கல்லுடைக்கும் இடத்திலிருந்து எடுத்த கருங்கல் தூளைத் தேயிலை வடியால் அரித்து, காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே ஓட்டிப் பார்த்த பின்னரே பயன்படுத்துகிறேன். வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகிக்கொள்ளும். நிலத்துக்கு உங்கள் வளவுக் கிறவலையே அரித்துப் போடுங்கள், மாங்குளத்து நிறத்தை எந்தச் சாயமும் தராது.

வெயிலுக்குத் தண்டவாளம் நீளும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஒரு மீற்றர் துண்டு 15 பாகை வெப்ப ஏற்றத்தில் கால் மில்லிமீற்றர் அளவுதான் நீளும். உண்மையில் பாதையை நெளிப்பது கீழேயுள்ள பலகை. மாரியில் ஈரம் குடித்து உப்பி, கோடையில் சுருங்கிவிடுகிறது. ஒட்டுப்பலகையின் இரு பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசிய பின்னரே பாதை போடுங்கள். மேசைக் கால்களைப் பழைய பால்மாப் பேணிகளுக்குள் நிறுத்திக் கழிவு ஒயில் விட்டால் எறும்பும் கறையானும் அந்த வழியால் ஏறாது.

எம்2 எஞ்சினின் மேல்மூடியை முப்பரிமாண அச்சில் எடுக்க முடியும், என்னிடம் சிறிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. அளவு வரைபடம் கிடைத்தால் 3 மில்லிமீற்றர் அளவுக்கே வரைந்து தருகிறேன்.

மாங்குளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்களாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை நடந்ததுதான்.

காந்தம் பதினாறு துண்டுகளில் ஒன்பதில் ஒட்டியது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். மிச்சத்தில் ஐந்து நேர்த்துண்டுகளை ஒரு பலகையில் ஆணியடித்தேன். மசகு எடுப்பதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. ஒன்பது வோல்ற்றில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை, செப்புத் தட்டுகளின் பிளவைச் சுரண்டிய பின்னர் மோட்டார் ஒருமுறை துள்ளி நின்றது, பின்னர் சக்கரத்தை விரலால் சற்றுத் தள்ளிவிட்டதும் ஓடியது. பலகையின் நுனிக்கு அது வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனைவிதான் கையை நீட்டிப் பிடித்தார். பின்னோக்கி ஓடும்போது மட்டும் இழுத்து இழுத்துப் போகிறது. ஒரு பக்கக் கரித்துண்டு மற்றதைவிடக் குட்டையாக இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன், இரண்டையும் மாற்றப் போகிறேன்.

16.5 ஐ ஐந்தரையால் வகுத்த அன்றே அளவுத்திட்டம் முடிவாகிவிட்டது. இன்டர்சிற்றி எஞ்சின் இனிப் பாதையைப் பரிசோதிக்கும் வண்டியாக மட்டும் ஓடும். பழைய நிலையத்தின் ஒரு கல்லும் இன்று இல்லை. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரை பாதை மீண்டும் திறக்கப்பட்டபோது நாம் கண்டது புதிய கட்டிடத்தை. ஆனால் பழைய நடைமேடையைச் சிறுவயதில் எத்தனையோ முறை காலடி எண்ணி நடந்திருக்கிறேன், அந்த எண்ணிக்கை இன்னும் மனதில் இருக்கிறது. இன்றைய பாதையில் சில தூரங்களை அளந்து, அந்தக் காலடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரைபடம் ஒன்று தேறும்.

கிளிநொச்சித் தம்பி, வரும் ஞாயிறு வர முடியுமா? வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அளவு நாடா என்னிடம் இருக்கிறது.