பள்ளத்தூர் வீட்டுக்கு இன்டர்நெட் லேண்ட்லைன்: பழைய நம்பரும் போகக்கூடாது, ஆத்தாவுக்கும் மணி கேட்கணும்

பள்ளத்தூர் மகள்:

வணக்கம். எனக்கு 61 வயது, சென்னையில் இருக்கிறேன். ஆத்தாவுக்கு 86. பள்ளத்தூர் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். துணைக்கு ஒரு அம்மா பகலெல்லாம் இருந்துவிட்டு விளக்கு வைத்தபின் போகிறார்.

வீட்டு போன் நாலு மாதமாகச் செத்துக் கிடக்கிறது. தெருவில் வடிகாலுக்குத் தோண்டியபோது மண்ணுக்குள் இருந்த கேபிள் அறுந்தது. மேலே ஐப்பசி மழை. இனி எங்கள் தெருவுக்குச் செம்புக் கம்பி கிடையாது, ஃபைபர்தான், போனும் இன்டர்நெட் வழியாகத்தான் போகும் என்கிறார்கள். சரி, போகட்டும். எதை வாங்குவது என்றுதான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

செல்போன் கொடுத்துப் பார்த்தாயிற்று. காய்ந்துபோன விரலுக்குத் தொடுதிரை மசியவில்லை. பட்டன் செல் வாங்கினோம். அதை இரண்டு நாள் தேடி, கடைசியில் அரிசிப் பானைக்குள் கண்டெடுத்தோம். ஆத்தாவுக்குப் போன் என்றால் அது பட்டாலையில் (கூடத்தில்), அப்பச்சி படத்துக்குக் கீழே, முக்காலி மேல் இருக்க வேண்டும். மணி அடித்தால் அடுப்படி வரை கேட்க வேண்டும்.

நம்பர் மாறக்கூடாது. முதலில் ஐந்து இலக்கமாக இருந்து, பிற்பாடு முன்னால் ஒரு 2 சேர்ந்த நம்பர். பினாங்கில் இருக்கும் அயித்தை மகனிலிருந்து தேவகோட்டைச் சம்பந்தி வரை எல்லார் டைரியிலும் அதுதான் இருக்கிறது. பிள்ளையார் நோன்பன்று காலையிலிருந்து மணி ஓயாது. இந்த வருஷம் மணியே அடிக்கவில்லை. "எல்லாரும் என்னைய மறந்துட்டாக" என்று ஆத்தா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அப்புறம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் வைத்த வைஃபை வளவு (நடுமுற்றப் பகுதி) தாண்டினால் கிடைக்காது, அவ்வளவு கனத்த சுவர். முட்டையும் சுண்ணாம்பும் பூசின அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஏழு புள்ளி (குடும்பம்) பங்காளிகளிடம் கேட்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். பழைய போன் அன்றைக்கும் பேசும். இது பேசுமா?

நியூஜெர்சியில் இருக்கும் என் மகன், "இன்டர்நெட் வழியாகப் போன் பேச ஊமா என்று ஒரு பெட்டி இங்கே இருக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா?" என்கிறான். போனுக்கு ஊமை என்று பெயர் வைத்தால் ஆத்தா தொடுவாரா என்பது வேறு விஷயம். அது நமக்கு ஆகுமா?

காரைக்குடி ஃபைபர் தம்பி:

ஆச்சி, வணக்கம். கேபிள் இழுக்கிறதுதான் எனக்குத் தொழில். எந்தக் கம்பெனி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நம்பர்தான் முதல் விஷயம். செல் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொள்ள 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க வழி இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. வேறு கம்பெனிக்குப் போனால் நம்ம எஸ்டிடி கோடு 04565 போட்டுப் புது நம்பர்தான் வரும். பழைய கம்பெனியிலேயே ஃபைபருக்கு மாறினால், அதே எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குள் பழைய நம்பரை ஏற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். தருவோம் என்றால் அந்த நம்பரை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது ஃபைபரில் வந்து பேசுகிறவரை பழைய இணைப்பைச் சரண்டர் செய்யாதீர்கள். "செத்த லைனுக்கு எதற்கு வாடகை" என்று கோபத்தில் சரண்டர் பண்ணிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

வைஃபையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் யாருடைய ஃபைபராக இருந்தாலும், வீட்டில் மாட்டுகிற பெட்டியில் பெரும்பாலும் போனுக்கென்று தனித் துளை இருக்கும். சாதாரணப் போனை அதில் சொருகினால் போதும், குரலை டிஜிட்டலாக மாற்றுவது பெட்டியின் வேலை. உங்கள் வீட்டில் முகப்பிலிருந்து பட்டாலைக்குப் பழைய போன் ஒயர் மரப்பட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இல்லையா? பெட்டியை முகப்பில் வைத்து, துளையிலிருந்து அந்த ஒயருக்கு இணைப்புக் கொடுத்துவிடலாம். பங்காளி யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் தெருவிலிருந்து வரும் செத்த செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும்.

போனைத் திருப்பி அடியைப் பாருங்கள். பல்ஸ், டோன் என்று சின்ன சுவிட்ச் இருந்தால் டோனில் இருக்கட்டும். எண்ணைச் சுழற்றும் பழைய போன் என்றால் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். ஆனால் அதிலிருந்து டயல் செய்தால் அநேகப் பெட்டிகளுக்குப் புரியாது.

வேகத்துக்காக அதிகப் பணம் கட்டாதீர்கள். ஒரு போன் பேச்சுக்குப் போக ஒரு 100 கேபிபிஎஸ், வர ஒரு 100 இருந்தால் தாராளம். எம்பிகூட இல்லை, கேபி. 30 எம்பி பிளானே ஆத்தாவுக்குக் கடல். ஜியோவில் 399 ரூபாய்க்கு 30 எம்பி என்று ஒரு பிளான் வந்தது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471 ரூபாய் ஆகும். மற்ற கம்பெனி விலையை இதோடு வைத்துப் பாருங்கள். வரி சேர்த்துச் சொல்கிறார்களா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை டீச்சர்:

தம்பி கரண்ட் விஷயத்தை விட்டுவிட்டார். நான் அடிபட்டுக் கற்றவள், அதனால் எழுதுகிறேன்.

செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். அதனால்தான் ஊரே இருட்டாக இருந்தாலும் பழைய போன் பேசியது. ஃபைபர் வெறும் கண்ணாடி இழை. வெளிச்சம் வரும், கரண்ட் வராது. உங்கள் வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும், போனும் ஊமைதான். (ஆச்சி மகன் சொன்ன பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

போன ஆடியில் ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு மயக்கம் வந்தது. 108-க்கு அடிக்க ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை. என் செல்லில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் கூப்பிட்டான். அவர் நலமாக இருக்கிறார், வெறும் சர்க்கரைக் குறைவு. அடுத்த நாளே மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்டும் சின்ன பேட்டரி) வாங்கினேன்.

வாங்கும்போது பெட்டியின் அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆம்பியர் மட்டும் 1, 1.5, 2 என்று மாறும். யுபிஎஸ் அதே வோல்ட்டாகவும், அந்த ஆம்பியருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பின்னின் அளவையும் கடையிலேயே சொருகிப் பார்த்துவிடுங்கள். சின்னது மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். பராமரிப்பு நாளுக்கு அது போதாது. வீட்டில் ஃபேனுக்கு இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் பெட்டியைப் போடுங்கள். 10, 12 வாட் இழுக்கிற பெட்டி அது, பெரிய பேட்டரிக்குக் கொசுக்கடி.

கோட்டையூர் ரிட்டயர்டு:

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. நெட்டே வேண்டாம். சிம் போடும் மேசை போன் கிடைக்கிறது. பார்க்க லேண்ட்லைன் மாதிரியே, ரிசீவர், பட்டன் எல்லாம் உண்டு. உள்ளே பேட்டரியும் இருக்கிறது. கம்பியும் இல்லை, லைன்மேனைத் தேடும் வேலையும் இல்லை. ஜியோ சிம் என்றால் 4ஜி மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும், அவர்களுக்கு 2ஜி கிடையாது. என் வீட்டில் மூன்று வருஷமாக இதுதான்.

பள்ளத்தூர் மகள்:

அண்ணே, இது எனக்குத் தோன்றியிருந்தால் முதலிலேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் வளவுக்குள் சிக்னல் ஒரு கோடுதான், பட்டாலையில் அதுவும் இல்லை. செல்லில் பேச வேண்டும் என்றால் முகப்புத் திண்ணைக்கு வர வேண்டும். அப்புறம் அந்தப் பழைய நம்பர்.

டீச்சர், 108 கதையைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்வெர்ட்டர் இருக்கிறது, வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டில். முகப்புக்கு அந்த லைன் இல்லை.

சிங்கப்பூர் காரைக்குடியான்:

அமெரிக்கப் பெட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை. அந்தப் பெட்டிக்கு வரும் நம்பர் அமெரிக்க நம்பர். உங்கள் மகனுக்கு அது உள்ளூர் கால், பள்ளத்தூரில் அடுத்த தெருக்காரருக்கு ஐஎஸ்டி. 108-ஐ அதில் அடித்துப் பயனில்லை. குரலும் கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் போக 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். என் அப்பத்தாவிடம் அப்படி ஒரு வருஷம் பேசியிருக்கிறேன். "நீ பேசு", "நீங்க பேசுங்க" என்பதிலேயே காசு போகும்.

மகனுக்கு வாட்ஸ்அப் போதும். ஆத்தா பக்கம் உள்ளூர் நம்பர் இருக்கட்டும். புது இணைப்பில் ஐஎஸ்டி வெளியே போகாமல் பூட்டியே இருக்கட்டும், உள்ளே வருவதற்கு அதனால் தடை இல்லை.

காரைக்குடி ஃபைபர் தம்பி:

ஆச்சி, ஒன்று விட்டுப்போச்சு. ஃபைபர் கொடுக்கிறவரிடம், "உங்கள் ஓஎல்டி எங்கே இருக்கிறது, அதற்குப் பேட்டரி எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற தாய்ப்பெட்டி அது. நடுவில் கம்பத்தில் தொங்கும் பிரிப்பான்களுக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் தாய்ப்பெட்டி அணைந்தால் உங்கள் வீட்டு யுபிஎஸ் சும்மா எரியும். இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிற ஆளிடம் வாங்காதீர்கள். பில் எந்தக் கம்பெனி பெயரில் வந்தாலும், நம்ம பக்கம் பல ஊரில் வீட்டுக்கு வந்து பார்ப்பது உள்ளூர் கேபிள்காரர்தான். வைக்கோல் லாரி போய் ஒயர் அறுந்தால் ஏணியோடு வரப்போவது அவர். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை அறுந்திருக்கிறது என்று துணைக்கு இருக்கும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை சொன்னால் பாதி விசாரணை மிச்சம்.

பள்ளத்தூர் மகள் (மூன்று வாரம் கழித்து):

போன வாரம் ஊருக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தேன்.

பழைய கம்பெனியிலேயே அதே நம்பரில் ஃபைபர். சரண்டர் செய்யாமல் வைத்திருந்ததால் கிடைத்தது, தம்பிக்கு ஒரு கும்பிடு. ஓஎல்டி கேள்வியையும் கேட்டேன். வந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீங்க இந்த லைன்ல வேலை பாத்தீகளா ஆச்சி?" என்றான். ஊருக்குள்ளேயே இருக்கிறதாம், எட்டு மணி நேரம் தாங்குமாம். அதைச் சொன்னபோது அவன் தடுமாறவில்லை.

பெட்டி முகப்பில். பழைய ஒயரில் சேர்த்தான், போனில் சத்தமே வரவில்லை. ஒரு மணி நேரம் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டான். நான்தான், "வெளிக் கம்பியைக் கழற்றினாயா?" என்று கேட்டேன். கழற்றவில்லை! கழற்றியதும் விர்ரென்று டயல் டோன். அடுப்படியிலும் மாடியிலும் ஒவ்வொரு போன் அதே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றும் இருந்தால் மணி கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிந்தது. இத்தனை போனை அடிக்கவைக்கப் பெட்டிக்குத் தெம்பு இல்லையாம். மாடிப் போனை எடுத்ததும் பழைய சத்தம் வந்துவிட்டது.

இன்வெர்ட்டர் லைனை இரண்டாங்கட்டிலிருந்து முகப்புக்கு இழுக்க எலக்ட்ரீசியன் வந்தார். சுவரைத் துளைக்கவில்லை, உத்திரத்தோரம் கிளிப் அடித்தார். மரத்தில் ஆணி என்றதும் ஒரு பங்காளி அண்ணன் மதுரையிலிருந்து போனில் சத்தம் போட்டார். புது லைனில் வந்த முதல் கால் அதுதான். குரல் தெளிவாகவே இருந்தது.

ஆத்தா யாருடைய செல்லுக்கு அடித்தாலும் போகவில்லை என்று அடுத்த குழப்பம். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் போட்டால் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் உள்ள விதி. போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நம்பர் அட்டை அதற்கு முந்தையது. பெரிய எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டினேன், எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்பில் 0.

மறுநாள் பினாங்கிலிருந்து அயித்தை மகன் கூப்பிட்டார். ஆத்தா இன்னமும் டிரங்க் கால் காலத்துக் குரலில்தான் பேசுகிறார், அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். வைத்துவிட்டு என்னிடம், "இவ்வளவு நாளு ஏன் கூப்புடலைன்னு கேட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம், நான்தான் எடுக்கலையாம்" என்றார். அறுந்த லைனில் கூப்பிடுகிறவருக்கு மட்டும் மணி கேட்டிருக்கிறது போல.

பராமரிப்பு நாள் இன்னும் வரவில்லை, அன்றைக்கு என்ன ஆகிறதென்று எழுதுகிறேன். அதற்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கூப்பிடுகிறவர் நம்பர் பெரிதாகத் தெரிகிற, பட்டன் பெரிய போன் காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் எங்கே கிடைக்கும்? உங்களுக்குக் கொரியரில் ஏதோ வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று ஆத்தாவிடம் ஒருவன் ஹிந்தியில் கேட்டிருக்கிறான். அரை மணி நேரம் தமிழில் ஊர்க்கதை சொல்லி அவனை வைக்க வைத்திருக்கிறார், ஆனால் எல்லா நாளும் அப்படி நடக்காது.