சின்னம்மா என்று எழுதிய ஸ்ரிக்கர்

புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க கனடாவில் ஒவ்வொரு செப்ரெம்பரும் நடக்கிற ரெறி ஃபொக்ஸ் ஓட்டத்தைப் பற்றி எல்லோரும் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறீர்கள். சரி, என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்தது 12 வயதில், ஓகஸ்ற் கடைசியில். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஏழாம் வகுப்பில் சேர்த்து மூன்று கிழமைகூட ஆகவில்லை, ஒருநாள் எல்லோரும் இரண்டு டொலர் காசு கொண்டுவாருங்கள், மைதானத்தைச் சுற்றி ஓடப்போகிறோம் என்றார்கள். ஊரில் நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி மாதிரி என்று நினைத்து, உயிரைக் கொடுத்து ஓடி முதலாவதாக வந்து நின்றேன். ஒருவரும் என் பெயரை எழுதவில்லை. திரும்பிப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் கதைத்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். ஆசிரியை வந்து என் நெஞ்சில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரைக் காட்டி ஏதோ கேட்டார், விளங்கவில்லை. யாருக்காக ஓடுகிறாய் என்று எழுத அதில் இடம் விட்டிருந்தது. என்னுடையதில் ஒன்றும் இல்லை.

ரெறி ஃபொக்ஸ் யார் என்று பிறகுதான் படித்தேன். 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள சென்ற் ஜோன்ஸில் தொடங்கி, செயற்கைக் காலோடு ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரு மரதன் தூரம் ஓடினார். 143 நாள், 5,373 கிலோமீற்றர். ஒன்ராறியோவில் தண்டர் பேக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டி வந்தது, நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த வருடம் 22 வயதில் போய்விட்டார். இதெல்லாம் இங்கே படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்கு மனதில் நின்றது வேறு ஒன்று. அவர் பிழைக்க 50 வீதம் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்தியர்கள் சொன்னார்களாம், இரண்டு வருடத்துக்கு முந்தி என்றால் அது 15 வீதம்தானாம். இடையில் நடந்த ஆராய்ச்சிதான் அந்த வித்தியாசம் என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. அதனால்தான் காசை ஆராய்ச்சிக்கே சேர்த்தார்.

போன வருடம் எனக்கும் 18. பருத்தித்துறையில் இருக்கிற சின்னம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரியவந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் சொல்லவில்லை, "அந்த வருத்தம்" என்றுதான் கதைத்தார்கள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, நாளைக்கு அவளின்ர பிள்ளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அம்மா இரவில் அழுவதும் கேட்டது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

செப்ரெம்பரில் ரெறி ஃபொக்ஸ் நடைக்குத் தனியாகப் போனேன். அன்றைக்கு என்னால் ஓட முடியும் என்று தோன்றவில்லை, ஐந்து கிலோமீற்றர் நடப்போம் என்றுதான். திரும்பவும் அதே ஸ்ரிக்கர். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறாமல், இந்த முறை வெறுமையாகவும் விடாமல் என்ன செய்வது என்று யோசித்து, "சின்னம்மா" என்று தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டேன். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் அப்படி நினைத்திருக்கக் கூடாது. அரைவாசித் தூரத்தில் பக்கத்தில் ஒரு அன்ரி வந்து சேர்ந்தார். சிவப்பு ரீசேட். அந்த நடையில் சிவப்பு என்றால் தனக்கே புற்றுநோய் வந்தவர் என்று அர்த்தம். என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "சின்னம்மாவுக்கு எங்க பிள்ளை வருத்தம்?" என்று கேட்டார், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற குரலில். நான் அந்த இடத்திலேயே நின்று அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

பிறகு நடந்துகொண்டே தன் கதையைச் சொன்னார். அவருக்கும் மார்பில்தான். புருஷனைத் தவிர ஒருவருக்கும் சொல்லாமல் வைத்தியம் செய்தாராம், விக் வைத்துக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போனாராம். "என்ர தங்கச்சிக்குக்கூடச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா அவளும் நேரத்தோட போய்க் காட்டியிருப்பாள்." தங்கச்சிக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய ஸ்ரிக்கரில் "தங்கச்சி" என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது.

சின்னம்மாவுக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று சொன்னேன். "அதுவும் நடந்து சேர்த்த காசில எழும்பினதுதான், தெரியுமோ?" என்றார். 2011இல் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர், சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் எல்லோருமாக நடந்து அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்களாம். போர் முடிந்து இரண்டு வருடம்தான் அப்போது. நான் அந்த ஊரிலேயே சின்னப் பிள்ளையாக இருந்திருக்கிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை.

பிரியும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கொம்மாவை முதல்ல போய்க் காட்டச் சொல்லு. அவ கூடப் பிறந்தவ." தொலைபேசி எண் வாங்கவில்லை, இப்போதும் அது மனதில் உறுத்துகிறது. இதை வாசித்தால் அன்ரி, நான்தான்.

அன்றிரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்ரிக்கரையும் காட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன், நிறைய நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்ராறியோவில் 2024 ஒக்ரோபரிலிருந்து 40 முதல் 74 வயது வரையான பெண்கள் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே மாமோகிராம் (மார்புப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கலாம். இதைத் தெரியாத அம்மாமார் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு இரண்டு கிழமை எடுத்தது, வருகிறேன் வருகிறேன் என்று தள்ளிப்போட்டார். முடிவு நல்லபடியாக வந்தது.

சின்னம்மாவுக்கு கீமோ முடிந்து தலைமுடி திரும்ப முளைக்கத் தொடங்கிவிட்டது. அந்த 2011 நடை பற்றி வீடியோ அழைப்பில் கேட்டேன். "ஓமடி, ரோட்டில நிண்டு பாத்தனாங்கள், நீயும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி" என்றார்.

இந்த செப்ரெம்பருக்கு அம்மாவும் வருகிறார். செருப்போடு நடக்க முடியாதா என்று நேற்றுக் கேட்டார். சனிக்கிழமை சப்பாத்து வாங்கப் போகிறோம்.