பிர்க்கின் காரில் டொயோட்டா எஞ்சின்: பதிவை எப்படி மாற்றுவது?

பைன்டவுன்_7 (கேள்வி)

வணக்கம். அப்பா வாங்கிய பிர்க்கின் எஸ்3 ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து இங்கே தென்னாப்பிரிக்காவில், பைன்டவுனிலேயே செய்த வண்டி. அதிலிருந்த ஃபோர்டு கென்ட் 1600 எஞ்சின் போன வருடம் கைவிட்டுவிட்டது. வால்வு சீட்டுகள் (வால்வு வந்து உட்காரும் இடங்கள்) தேய்ந்து உள்ளே இறங்கி, இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷனே இல்லை. பதிலுக்கு டொயோட்டா கான்குவெஸ்ட் ஆர்எஸ்ஐ காரின் 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினைப் போட்டுவிட்டேன். மவுண்ட், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் முடிந்து வண்டி நன்றாக ஓடுகிறது.

சிக்கல் இரண்டு. பதிவில் இன்னும் பழைய எஞ்சின் எண்தான் இருக்கிறது. ஸ்கிராப் யார்டில் கொடுத்த பில்லில் "எஞ்சின் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், எண் கிடையாது. அடுத்தது புகை விஷயம். எஞ்சின் மாற்றினால் யூரோ 2 என்ற புகை அளவுச் சோதனை பாஸாக வேண்டும், புகையின் நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். இந்த வண்டியின் எக்ஸாஸ்ட் பக்கவாட்டில் வெளியே போகிறது. கன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது?

சாட்ஸ்வர்த்_ஸ்பேனர்

தம்பி, முதல் வேலையாக வண்டியை ரோட்டில் எடுப்பதை நிறுத்துங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே எஞ்சின் எண் அச்சாகியிருக்கும். போலீஸ்காரர் பானெட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கேயே வம்பு.

உங்களுக்குப் பெரிய தலைவலி புகை இல்லை, அந்த பில்தான். பதிவில் எண்ணை மாற்ற போலீஸ் தர வேண்டிய கிளியரன்ஸில் முதலில் கேட்பது "இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது?" என்பதைத்தான். 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் பழைய பொருள் சட்டப்படி ஸ்கிராப் வியாபாரி போலீஸில் பதிவு செய்து, வாங்கியது விற்றதற்கு ரிஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும். அதனால் திரும்பப் போய், எஞ்சின் எண்ணும் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதும் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால், நான் அந்த எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கையில் இருப்பது திருட்டு எஞ்சின் என்றால் உங்கள் வண்டியும் சேர்ந்து போகும்.

பிளாக்கில் எண் இருக்கும் இடத்தைக் கிரைண்டரால் தொட்டுவிடாதீர்கள். வயர் பிரஷ்கூட வேண்டாம், துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தால் போதும். எண்ணை அழித்த தடம் தெரிந்தாலே குற்றம், நாம் அழிக்கவில்லை என்று நிரூபிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

டோங்காட்_டர்போ

கன்வெர்ட்டர் இல்லாமல் ரோட்வொர்த்தி (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடைக்காது. என் மச்சான் வாங்கிய புதுக்காருக்குக் கார்பன் வரியே தனியாகக் கட்டினான். சட்டம் இப்போது ரொம்பக் கடுமை.

மெர்பேங்க்_மாமா

டர்போ தம்பி, அது வேறு, இது வேறு. உங்கள் மச்சான் கட்டியது 2010 செப்டம்பர் 1 முதல் புதுக்கார் விலையில் சேர்த்து வாங்குகிற வரி. யூரோ அளவு பார்ப்பது புது மாடல் விற்பனைக்கு வருமுன், என்ஆர்சிஎஸ் (கட்டாயத் தர விதிகளைப் பார்க்கும் அரசு அமைப்பு) ஒப்புதல் தரும்போது. ஏற்கெனவே பதிவான பழைய வண்டி ரோட்வொர்த்திக்குப் போனால் பைப்பில் மீட்டர் வைத்து வாயு அளக்க மாட்டார்கள். புகை கண்ணுக்குத் தெரிகிறதா, எக்ஸாஸ்ட் ஒழுகுகிறதா, சைலன்சர் இருக்கிறதா, பெட்ரோல் கசிகிறதா, இவ்வளவுதான். கேப் டவுனில் நிறுத்திப் புகை அளப்பதும் டீசல் வண்டிகளைத்தான்.

நீங்கள் போட்ட டொயோட்டா எஞ்சினோ ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடும். இங்கே ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததே 1996இல்தான். 2006இல் ஈயப் பெட்ரோலை அடியோடு நிறுத்தினார்கள். உங்கள் கென்ட் எஞ்சினின் வால்வு சீட் இறங்கியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். ஈயம் அந்த இரும்பு சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி. 4ஏ-ஜிஇ அலுமினியத் தலை, சீட் தனியாகப் பதித்தது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஒன்றே ஒன்றில் கவனம். கவுண்டரில் "எஞ்சின் மாற்றம்" என்று மட்டும் சொல்லுங்கள். "பாகங்களாக வாங்கிய கிட் கார், நானே கட்டினேன்" என்று கதை ஆரம்பித்தால் முதல்முறை பதிவாகும் வண்டி என்று நினைத்து, என்ஆர்சிஎஸ் கடிதம் கொண்டு வா என்பார்கள். சேஸி எண் பழையதேதானே?

பைன்டவுன்_7

சேஸியைத் தொடவே இல்லை, மாமா. கார்பரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்று கேட்பார்களா?

சாட்ஸ்வர்த்_ஸ்பேனர்

கேட்க மாட்டார்கள். ஆனால் வெபர் கார்பரேட்டர் போட்டால் ஜெட் சரியாக அமையாமல் கரும்புகை தள்ளும், அது கண்ணில் படும். அசல் இன்ஜெக்‌ஷனையே வைத்துக்கொள்ளுங்கள். எடை மேடைச் சீட்டும் எடுத்துவிடுங்கள். வண்டியின் வெற்று எடையை வைத்துத்தான் வருட லைசென்ஸ் கட்டணம். பில், அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்), பழைய பதிவுச் சான்று, அடையாள அட்டை எல்லாவற்றிலும் இரண்டு நகல். ரோட்வொர்த்தி சான்று 60 நாள்தான் செல்லும், அதனால் போலீஸ் கிளியரன்ஸை முதலில் முடியுங்கள்.

பைன்டவுன்_7 (ஐந்து வாரம் கழித்து)

முடிந்தது! யார்டுக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை அம்மாவைக் கூட்டிப் போனேன், பத்து நிமிடத்தில் முழு பில் வந்தது. போலீஸில் எண்ணைப் பார்த்தார்கள், மைக்ரோடாட் (வண்டியின் அடையாள எண் பொறித்த நுண்புள்ளிகள்) ஒட்டச் சொன்னார்கள், அதற்கு ஒரு நாள் போனது. ரோட்வொர்த்தியில் முதல் தடவை ஃபெயில். புகைக்காக இல்லை, மேனிஃபோல்டு கேஸ்கட் ஒழுகியது, பெட்ரோல் ஹோஸ் ஒன்று ஸ்டியரிங் ராடில் உரசியது. 14 நாளுக்குள் சரிசெய்து கொண்டுபோனதால் அந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டார்கள். கன்வெர்ட்டர் என்ற பேச்சே எழவில்லை. புது டிஸ்க்கில் புது எண்.

டோங்காட்_டர்போ

சரி சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழைய கென்ட் எஞ்சினை விற்கிறீர்களா? விற்றால் எண் எழுதி பில் வேண்டும்!

பைன்டவுன்_7

விற்பதாக இல்லை. அப்பா கராஜில் அதன் மேல்தான் டீ கப் வைக்கிறார்.