சுங்கை சிப்புட் சொந்தங்கள்: பொங்கல் வேலை

சாந்தி அக்கா: ஞாயித்துக்கிழமை டேவான்ல (மண்டபத்துல) பிள்ளைங்களுக்குப் பட்டப்பேர் புதிர். அட்டை யாரு எழுதுறா? ஒருத்தரும் வாயத் திறக்கலயே

குமார்: வேற யாரு, வாத்தியார் மாமாதான்

வாத்தியார் மாமா: சரி. 24 பட்டப்பேர், 24 ஆள், மொத்தம் 48 அட்டை. ஏ4 மணிலா அட்டைய நாலா வெட்டுனா 12 தாள் போதும். பட்டப்பேர் மஞ்சள்ல, ஆள் பேர் வெள்ளையில, ரெண்டையும் ஜோடி சேர்க்கணும். ஒரு பட்டப்பேருக்கு ரெண்டு ஆள் பொருந்துனா போட்டி கெட்டுச்சு. "கேப்டன்"னு மட்டும் எழுதுனா பிள்ளைங்க விஜயகாந்த்தை எடுக்கும், பாட்டிங்க நேதாஜியோட ஜான்சி ராணிப் படை லட்சுமிதான்னு எழுந்து நிப்பாங்க. ரெண்டும் சரி. "தளபதி" ஸ்டாலினா, விஜய்யா? "தமிழவேள்" இன்னும் மோசம்: சிங்கப்பூர் சாரங்கபாணி, கரந்தை உமாமகேசுவரனார், பி.டி.ராஜன். அதனால மஞ்சள் அட்டையில கீழ ஒரு துப்பு எழுதணும். "தமிழவேள் - தமிழ் முரசு, 1935" இந்த மாதிரி.

ராணி அத்தை: மீகூன் (அரிசி நூடுல்ஸ்) யாரு பெரட்டுறா

குமார்: போன வருஷ உப்பு வேணாம் லா

ராணி அத்தை: மூணாவது தட்டு வாங்குனது யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி

செல்வம்: எம்ஜிஆர் இருக்காரா

பெரியப்பா: நடிகர் திலகம் இல்லாம என்ன புதிரு

சாந்தி அக்கா: ஆரம்பிச்சிட்டாங்கய்யா

வாத்தியார் மாமா: ரெண்டு பேரும் உண்டு. ஆனா "புரட்சி"யில ஒண்ணே ஒண்ணுதான். தலைவர் எம்ஜிஆர், தலைவி ஜெயலலிதா, கலைஞர் விஜயகாந்த், புயல் வைகோ. நாலும் போட்டா முதல் வார்த்தையப் பார்த்த உடனே கைய வச்சிடுவாங்க.

செல்வம்: அப்ப மக்கள் திலகம்னே போடுங்க

பெரியப்பா: பக்கத்துல நடிகர் திலகம். அதே சைஸ் எழுத்து

வாத்தியார் மாமா: நம்ம மலேசியாவுல முதல் நாலு பிரதமரும் "தந்தை". சுதந்திரத்துக்குத் துங்கு அப்துல் ரகுமான், மேம்பாட்டுக்கு ரசாக், ஒற்றுமைக்கு உசேன் ஓன், நவீனத்துக்கு மகாதீர். பிள்ளைங்க ரசாக்கையும் மகாதீரையும்தான் மாத்தும். ரசாக் 1970-76, மகாதீர் 1981-2003ன்னு துப்பு போட்டா தப்பிச்சோம். "துங்கு", "துன்" பட்டப்பேர் இல்ல. ஒண்ணு அரச குடும்பத்துப் பிறப்பு, இன்னொண்ணு மாமன்னர் கொடுக்குறது.

ராணி அத்தை: அப்ப நம்ம ஊரு சம்பந்தன்?

வாத்தியார் மாமா: தனிக் கேள்வி. 1960ல தோட்டத்தாளுங்களுக்கு நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்குனவரு யாருன்னு.

செல்வம்: ஜெலுத்தோங் புலி

வாத்தியார் மாமா: கர்ப்பால் சிங். 1978லேருந்து 1999 வரைக்கும் பினாங்கு ஜெலுத்தோங்ல எம்பி. துப்பே தேவையில்ல.

குமார்: சிங்கம் யாருன்னு கேப்பாங்களே. நம்ம ஊரு பழைய எம்பி சாமிவேலு சிங்கமா இருந்துக்கட்டும், மலேசியாவுல சிங்கமே கிடையாதுன்னு கர்ப்பால் அடிச்சாரே

பெரியப்பா: அந்தப் பேச்சு இந்த ஊரு டேவான்ல வேணாம்

சாந்தி அக்கா: இப்ப அரசியல்ல இருக்குறவங்க யாருமே வேணாம்னு வச்சிக்கலாமா

செல்வம்: தளபதி இல்லன்னா என் பையன் வரமாட்டான்

குமார்: எந்தத் தளபதி

வாத்தியார் மாமா: இதத்தான் சொன்னேன். அப்புறம், லாமினேட் பண்ணாதீங்க. டேவான் விளக்கு பட்டு பளபளக்கும், பின்வரிசைக்கு எழுத்தே தெரியாது.

செல்வம்: ஏற்கெனவே கடையில கொடுத்துட்டேனே

வாத்தியார் மாமா: எதக் கொடுத்த? நான் இன்னும் எழுதவே இல்லயே

சாந்தி அக்கா: மைக் யாரு

பெரியப்பா: நான்

ராணி அத்தை: மீகூன் 7 பாக்கெட் வாங்கிட்டேன். பெரட்ட ஆள் சொல்லுங்க